'சந்திரமுகி': பேச விடப்படாத நோயாளி

திரைப்படத்தைப் பற்றி இத்தகைய ஏட்டில் எழுதுவது தகுமோ என்று வினவுவோர் உண்டு. ஆயினும், ஒரு நோயைப் பற்றிய எண்ணத்தையே நம் இல்லங்களில் ஒரு படம் விதைத்துவிடுமானால், அதனை ஆராயாது விடுதல் அறிவுடைமை ஆகாது. பி. வாசு இயக்கி 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சந்திரமுகி' அத்தகையது. ஃபாஸில் 1993-இல் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழு' இதன் மூலக்கதை.

பாழடைந்த மாளிகையில் குடியேறும் கங்கா என்னும் பெண், தன்னைப் பண்டைய நாட்டியக்காரியாகவே எண்ணத் தலைப்படுகிறாள். வீட்டார் பேய் என்று அஞ்ச, மருத்துவர் சரவணன் அது மனநோய் என்று நிறுவுகிறார். பட்டிதொட்டியெங்கும் இவ்வுண்மையைக் கொண்டு சேர்த்தமைக்காகப் படத்தைப் பாராட்டவே வேண்டும்.

குறை எங்கேயெனில், சிகிச்சையில். நோயாளி பேச, மருத்துவர் செவிமடுப்பதே உளப்பகுப்பாய்வின் உயிர்நாடி. இங்கோ கங்காவின் இளமைத் துயரை அவள் வாயால் நாம் கேட்பதில்லை. மருத்துவரே கண்டறிந்து கணவனுக்கு உரைக்கிறார். முடிவில் மந்திரவாதியும் மருத்துவரும் கூடி, பகைவனைக் கொன்றுவிட்டதாக அவளை நம்பவைக்கிறார்கள். ஒரே இரவில் நோய் தீர்கிறது! சுண்ணாம்புத் தொட்டியில் இட்ட தோல் மறுநாளே காலணி ஆகாது என்பதை நம் ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உள்ளம் தோலினும் மெல்லியதன்றோ?

இத்தாலிய இயக்குநர் மார்க்கோ பெல்லோக்கியோ 1988-இல் எடுத்த படமொன்றிலும், தன்னைப் பழங்காலச் சூனியக்காரி என நம்பும் பெண்ணிடம் ஒரு மருத்துவர் வருகிறார். அவளைச் சோதிக்க வந்தவரே நிலைதடுமாறுகிறார். நம் சரவணனோ எங்கும் தடுமாறுவதில்லை. நோயாளியின் கதை நாயகனின் வெற்றிக் கதையாகிவிடுகிறது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. ஓரிரவு அற்புதத்தை எதிர்பார்க்கப் பழகிய குடும்பம், மாதக்கணக்கான மருந்தில் பொறுமை இழக்கிறது. மகளின் திருமணம் தடைப்படுமே என்று நோயை மறைக்கிறது. இறுதியில் தொலைதூர விடுதியொன்றில் விட்டுத் திரும்புகிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்துள்ளது.

'மஜ்னூன்' என்னும் அரபுச் சொல்லின் வேர் 'மறைத்தல்' என்னும் பொருளது. ஜின், கருவிலுள்ள ஜனீன், சோலையாகிய ஜன்னத் யாவும் அவ்வேரில் முளைத்தவையே. அறிவு மறைக்கப்பட்டவனே மஜ்னூன். அறிவு அழிந்தவன் அல்லன். அவன் மீது ஷரீஅத் கடமையைச் சுமத்தவில்லை. அவனைப் பேணும் கடமை நம்முடையது. பத்தாம் நூற்றாண்டில் அபூ ஸைத் அல்-பல்கீ, உள்ளத்தின் நோய்களைச் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என வகுத்து, பிறர் கூறும் நற்சொல்லையும் மருந்தாகக் கண்டார். 1284-இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப் பகுதி இருந்தது.

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளுமாறே பணித்தார்கள். வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்கி வருகிறது. அங்கே நோயாளியோடு உறவினரும் உடன் தங்குவது வழக்கம். ஆம்பூரிலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

படத்தின் கங்கா நலம் பெற்றாள், நன்று. நம் இல்லத்துக் கங்காக்களையும் ஃபாத்திமாக்களையும் ஏமாற்றிக் குணப்படுத்த இயலாது. அருகமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்போமாக.