வளவும் லைனும்

தூத்துக்குடியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவர் பழைய வளவு வீடுகளைப் பற்றி உருகி உருகிப் பேசினார். ஒரே வாசல், உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாய் வீடுகள், நடுவில் கிணறு, இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். சுவரைத் தட்டினால் அந்தப் பக்கமிருந்து மீன்குழம்புக் கிண்ணம் வரும் என்றார். பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிட்டன, யார் வீட்டில் தூங்கின என்று பெற்றவர்களுக்கே தெரியாது என்றார். இப்போது எல்லாம் அடுக்குமாடியாகி மனுசத்தனம் போய்விட்டது என்று முடித்தார். நல்ல கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த தோழி, அவளும் உப்பளத்துப் பிள்ளைதான், என் காதோரம் குனிந்து, "ஏளா, நம்மள எந்த வளவுலளா விட்டாவ?" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

நெல்லைச் சீமை எழுத்தாளர்களின் கையில் தெருவும் வளவும் ஒரு தனி அழகியலாகவே ஆகிவிட்டன. எனக்கும் அதில் மயக்கம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' (1981) நாவலை எம்.ஏ. படிக்கிற காலத்தில் நூலகத்தில் எடுத்து ஒரே இரவில் முடித்தேன். சில வீடுகளே உள்ள ஒரு சின்னத் தெரு, மழை, கிறிஸ்தவக் குடும்பங்களின் நோவும் பிரியமும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு மனுசர்களா என்று இருந்தது. ஆனால் அந்தத் தெருவுக்குப் பேர் கொடுத்த ரேனியஸ் யார்? 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி. தன்னிடம் படிக்கிற பிள்ளைகள் சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றவர், அதற்காக மேல்சாதிப் பெற்றோரின் எதிர்ப்பைச் சம்பாதித்தவர். அவர் பேர் தெருவில் நின்றுவிட்டது. அவர் போட்ட பந்திச் சண்டை என்ன ஆயிற்று என்பதில் நாவலின் கவனம் இல்லை. பிரியத்தை எழுதியதற்காக வண்ணநிலவனை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிரியம் எந்தச் சுவர் வரை போயிற்று என்று கேட்கிறேன்.

எங்களுக்கு வளவு கிடையாது. லைன் உண்டு. உப்புக் கம்பெனி ஒன்று தன் அளத்து ஆட்களுக்குக் கட்டிப்போட்ட லைனில் பிறந்தவள் நான். பத்துக்குப் பத்தில் பன்னிரண்டு வீடுகள், முதலில் ஓடு, பிறகு ஆஸ்பெஸ்டாஸ். உப்புக்காற்று சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்தால் பாயெல்லாம் காரை உதிர்ந்து கிடக்கும். சுவரைத் தட்டினால் குழம்பு எங்களுக்கும்தான் வந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? வளவில் சுவர் பொதுவாக இருந்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் இருந்தது ஒரே சாதி, பல நேரம் ஒரே சொந்தம். லைனில் சுவர் பொதுவாக இருந்ததற்குக் காரணம், ஒரு சுவர்ச் செலவு கம்பெனிக்கு மிச்சம்.

லைன், லயன், லயம் என்று பலவிதமாகச் சொல்லப்படும் இந்தச் சொல்லுக்கும் தூத்துக்குடிக்கும் பழைய உறவு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில் கொழும்புக் கப்பல் இந்தக் கரையிலிருந்துதான் புறப்பட்டது. பக்கத்திலே தட்டப்பாறையில் முகாம் போட்டு, கூலிச் சனங்களை அடைத்து வைத்து, நோய் நொடி பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். பின்னால் அந்த முகாம் மண்டபத்துக்குப் போனது. ஊரில் சேரியில் இருந்தவர்கள் அங்கே போய் லயத்தில் இருந்தார்கள். மேற்கே ஆனைமலைக்குப் போனவர்களுக்கும் அதே லயன்தான். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலில் கருப்பனும் வள்ளியும் நம் பக்கத்து மயிலோடையிலிருந்து கிளம்பி அந்த இருட்டுக்குள்தான் போய்ச் சேருகிறார்கள். படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் இலக்கியத்தில் வளவு என்றால் அன்பு, லைன் என்றால் அவலம். வளவில் பிறந்தவன் ஞாபகம் எழுதுகிறான். லைனில் இருப்பவளை யாரோ வந்து பார்த்துத் துயரம் எழுதுகிறார்கள். இந்தப் பாகப்பிரிவினைக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) நாவலை இந்த இடத்தில் சொல்லாமல் போகக்கூடாது. அவர் தூத்துக்குடிக்கே வந்து, அளங்களைச் சுற்றி, சனங்களிடம் பேசி எழுதியவர். வெடித்த பாதமும் கூசும் கண்ணும் தமிழ் நாவலுக்குள் வந்தது அவரால்தான். பொன்னாச்சி எங்கள் அம்மாவுக்கு அக்காமாதிரி இருப்பாள். என்றாலும் நாவலைத் தூக்கி நிறுத்துவது அளம்தான்: கூலி, ஆண்களின் கை, நிழலில்லாத வெயில். அங்கே 'தொழிலாளி' என்ற ஒற்றைப் பேர் முன்னுக்கு வந்து சாதி பின்னுக்குப் போய்விடுகிறது. பாத்தியில் உப்பு வாருகிற கையெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், சரி. சாயங்காலம் தட்டுமேட்டை விட்டு இறங்கி நடக்கிற கால்கள் ஒரே தெருவுக்குப் போவதில்லையே.

ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009, சாகித்ய அகாதெமி விருது 2013) தோணியும் கடலும் வியாபாரமுமாக ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். கடற்கரைச் சனத்தை வெளியார் எழுதியது போதும், நானே எழுதுகிறேன் என்று வந்த அந்தக் குரலை நாம்தான் முதலில் வரவேற்க வேண்டும். ஆனால் அதன் பாரம் முழுக்கத் தோணி வைத்திருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் பக்கமே சாய்கிறது. பரதவருக்குள்ளேயே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று பிரிவு இருந்த ஊர் இது. ஒரே மாதா கோயில், ஒரே ஞானஸ்நானம், அப்படியும் மேலே கீழே. முத்து விளைந்த சாதிக்குள்ளேயே இந்தக் கதி என்றால், எங்களோடு யார் சுவரைப் பகிர்ந்துகொள்வார்கள்? அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. முத்து போனாலும் முத்தால் கிடைத்த தெரு போகவில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் பேசப்படாதது. குடிதண்ணீருக்குத் தவித்த ஊருக்கு 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தவர் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. அவருக்கு ஊரே கும்பிடு போடுகிறது, நியாயம்தான். அந்தத் தண்ணீர் எந்தெந்தத் தெருவுக்கு எந்த வருடம் போனது என்று யாராவது ஒரு பட்டியல் போட்டால் தூத்துக்குடியின் சாதி வரலாறு பாதி வெளியே வந்துவிடும். மாணவத் தோழர்கள் யாராவது செய்யலாம். 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் அப்படித்தான் தோண்ட வேண்டும். வ.உ.சி.யும் சிவாவும் முன்னால் நின்ற அந்தப் போராட்டத்தில், வெள்ளைக்காரன் பக்கம் சாய்ந்தவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி வருகிறது. ரசித்துச் சொல்லப்படும் வரி. அந்த நாவிதர் எந்தத் தெருவில் குடியிருந்தார், கத்தியை மடக்கி வைத்த அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அடுத்த வரி கிடையாது.

இனி என் கதை கொஞ்சம். படிப்பு முடித்து டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது பழைய ஊருக்குள் ஒரு வளவில் வீடு காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். மரத்தூண், சுண்ணாம்புக் காரை, குளுகுளுவென்று இருந்தது. வீட்டுக்கார ஆச்சி நல்ல மனுசி. கடுங்காப்பி கொடுத்தார்.

"பிள்ளைக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"எந்தக் கோயிலுக்குப் போவீய?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா ஒத்தச் சுவருல்லா? கிணறும் ஒண்ணு. பக்கத்து வீட்டுக்காரவிய என்ன சொல்லுவாவளோ" என்றார்.

அந்த ஆச்சி பொய் சொல்லவில்லை. வளவின் இலக்கணத்தையே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எழுத்தாளர் மேடையில் புகழ்ந்த அதே ஒத்தச் சுவர்தான் என்னை வெளியே நிறுத்தியது.

அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கரைப் பார்சி விடுதியிலிருந்து கம்போடு வந்து விரட்டினார்கள். அவர் இரண்டு நண்பர்களிடம் போய் இடம் கேட்டார். ஒருவர் இந்து, நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறிஸ்தவர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ரயில் வருகிறவரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். கடற்கரைக் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரண்டாவது நண்பரை மறக்கக்கூடாது. பம்பாயில் அவருக்கு இடம் கொடுத்தது பரேல் பகுதியில் தொழிலாளர்கள் இருந்த 'சால்'. அதுவும் ஒரு வகை லைன்தான். இருபது வருடத்துக்கு மேல் அதன் இரண்டு சின்ன அறைகளில்தான் அவர் குடும்பம் இருந்தது.

லைனில் வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் வீடு போகும். மாஞ்சோலையில் இதைக் கண்முன்னால் பார்த்தோம். 1929இல் குத்தகைக்கு விட்ட மலை. கூலி கேட்டுப் போராடி 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் பதினேழு உயிரைக் கொடுத்த சனம். 2024இல் கம்பெனி, குத்தகை 2028இல் முடிவதைக் காட்டி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய் என்றது. தலைமுறை தலைமுறையாய் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. வளவைப் பற்றி ஞாபகம் எழுதலாம், ஏனென்றால் பத்திரம் இருக்கிறது. லைனுக்கு எந்தப் பத்திரத்தை வைத்து ஞாபகம் எழுதுவது?

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அம்மாவுக்கு இடுப்பு விழுந்ததும், வீட்டிலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வரவேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். தம்பி ஐ.டி.ஐ.யில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான். அதை விட்டுவிட்டு வாருபலகையைத் தூக்கினான். என் எம்.ஏ. அந்த வீட்டுக்குள் இருந்துதான் முடிந்தது. அதற்கு வாடகையை அவன் பாத்தியில் நின்று கட்டினான்.

கூட்டத்தில் என் காதோரம் கேட்ட தோழி இப்போது ஒரு நாவல் எழுதுகிறாள். நாற்பது பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கூலியும் கங்காணியும் வரும் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். வந்தது ஒரு கல்யாணம். மணமேடைக்குப் பலகை இல்லை. பன்னிரண்டு வீட்டுக் கதவுகளையும் கழற்றி, உப்புச் சாக்கை அடுக்கி, அதன்மேல் போட்டு மேடை கட்டுகிறார்கள். அன்றைக்கு ராத்திரி லைன் முழுக்கக் கதவில்லாமல் தூங்குகிறது. மறுநாள் மாட்டும்போது மூன்றாம் வீட்டுக் கதவு ஏழாம் வீட்டுக்குப் போய்விடுகிறது. நம்பர் தப்பாக இருக்கிறதென்று தெரிந்தும் ஒரு மாசம் யாரும் மாற்றவில்லை. கொடுத்துவிட்டு, "இதெல்லாம் இலக்கியத்துல வருமாளா?" என்று கேட்டாள்.

மிச்சத்தையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.