இடியைத் திருடியவர்கள்

ஒருவர் சொல்ல வைத்திருந்ததை இன்னொருவர் முந்திக்கொண்டு சொல்லிக் கைதட்டலையும் வாங்கிவிட்டால், 'என் இடியைத் திருடிவிட்டான்' என்று புலம்புவது ஆங்கிலேயர் வழக்கு. யாரோ ஒரு கவிஞரின் கற்பனை போலத் தோன்றும். ஆனால் இது வயிறெரிந்த ஒரு நாடகக்காரர் கொடுத்த நேரடிப் புகார்.

லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1709-ல் ஜான் டென்னிஸ் என்பவரின் நாடகம் ஒன்று மேடையேறியது. அதற்காக இடி முழக்கத்துக்கு அவர் புது உத்தி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். நாடகம் படுத்துவிட்டது, சீக்கிரமே தூக்கிவிட்டார்கள். பிறகு அதே அரங்கில் 'மாக்பெத்' பார்க்கப் போனவரின் காதில் அவருடைய இடியே விழுந்தது. என் நாடகத்தை ஓட விடாத பாவிகள் என் இடியை மட்டும் எடுத்துக்கொண்டார்களே என்று எழுந்து நின்று கத்தினாராம். அந்த நாடகத்தை இன்று சீண்டுவார் இல்லை. அந்தக் கத்தல் மட்டும் 300 ஆண்டுகளாக ஹவுஸ்ஃபுல்லாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய மேடை இடியின் ஒரு வகை பிரிஸ்டல் ஓல்ட் விக் அரங்கில் இன்னும் இருக்கிறது. 1766-ல் திறந்த அரங்கம் அது. கூரைக்குள் சரிவாக மரக்கால்வாய்கள் ஓடுகின்றன. கனத்த குண்டுகளை அதில் உருட்டிவிட்டால் கடகடவென்று தொடங்கி, தடதடத்து, குமுறி அடங்கும். ஒலிபெருக்கி இடி ஒரே மூலையிலிருந்து வருவது. இதுவோ வானத்து இடியைப் போலத் தலைக்கு மேலே நகர்ந்துபோவது.

ஆங்கிலத்தின் பெருஞ்சத்தச் சொற்கள் சிலவற்றுக்கு இப்படி முகவரியே உண்டு. கூச்சலும் குழப்பமுமான இடத்தை 'பெட்லம்' என்கிறார்களே, அது லண்டனில் 1247-ல் மடமாகத் தொடங்கி, பின்னால் மனநோயாளர்களின் மருத்துவமனையான பெத்லகேம். ஊர்க்காரர்களின் நாக்கில் தேய்ந்து பெட்லம் ஆயிற்று. 18-ம் நூற்றாண்டில் அங்கே நோயாளிகளை வேடிக்கை பார்க்கவே கூட்டம் போனது. இரைச்சல் கம்பிக்கு எந்தப் பக்கத்தில் அதிகமாக இருந்ததோ!

எனக்கு அதைவிடப் பிடித்தது 'பாண்டமோனியம்'. 1667-ல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' காவியத்தில், பேய்களின் தலைநகருக்கு மில்டன் சூட்டிய பெயர். இன்று கட்டுக்கடங்காத அமளிக்கு அதுதான் சொல். காவியத்தில் நடப்பதோ வேறு. இடம் போதவில்லை என்று பேய்கள் தம் உருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவைக்குள் நுழைகின்றன. ஒருவர் பேசி முடித்தபின் அடுத்தவர் எழுகிறார். கடைசியில் ஒரு தீர்மானமும் நிறைவேறுகிறது. மைக்கைப் பிடுங்கி எறிந்த பேய் ஒன்றுகூட இல்லை. பாவம், அவற்றின் பெயர்தான் கெட்டுப்போயிற்று.

கணீர்க் குரலுக்கு 'ஸ்டென்டோரியன்' என்று ஒரு சொல். டிராய் போரில் 50 பேரின் குரல் தன் ஒருவனுக்கே வாய்த்த ஸ்டென்டரின் பெயர் அது. 'இலியட்'டில் அவன் வருவது ஒரே ஒரு இடத்தில்.

சத்தத்தை அளக்கும் டெசிபலுக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார்: தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல். பெயரின் கடைசி எழுத்தில் ஒன்றை உதிர்த்து, பத்தில் ஒரு பங்காக்கி அலகில் சேர்த்துவிட்டார்கள். அவருடைய தாய்க்குக் காது மந்தம். மனைவிக்குச் சிறு வயதிலேயே கேட்கும் திறன் போய்விட்டது. அவரே காது கேளாதோருக்குப் பாடம் நடத்தியவர். உலகத்தின் இரைச்சலையெல்லாம் இந்த வீட்டுக்காரரின் பெயரால் அளக்கிறோம்.

குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று ஆங்கிலேயர் நிதானமாகச் சொல்வதை நம்மூர் வாத்தியார்கள் 'பின் டிராப் சைலன்ஸ்!' என்று சுருக்கி, பிரம்பால் மேசையில் ஓங்கித் தட்டி முழங்குவார்கள். அமைதியை இவ்வளவு சத்தமாகக் கேட்கும் தொடர் வேறு இல்லை.

'லவுட்' என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் 'கேட்கப்பட்டது' என்பதுதான். வடமொழிச் சுருதியும் அதே வேரில் கிளைத்தது. ஆக, தம்புராவில் இழைகிற சுருதிக்கு லவுட் தூரத்துப் பங்காளி. அந்த லவுட்டைத்தான் ஆங்கிலேயர் கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் பூப்போட்ட சட்டைக்கும் வைத்தார்கள். அப்படியொரு சட்டை நமக்குக் கண்ணைப் பறிக்கும். அவர்களுக்குக் காதையே அடைக்கிறது போலும்.