கடைசியில் வாங்க வேண்டியது பேனா

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம்முடைய பேனாக்களைக் காட்டுவதற்காக என் வீட்டுக்கு வந்திருந்தார். நகைக்கடைக்காரர்கள் மோதிரம் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வெல்வெட்டுப் பெட்டி. உள்ளே 32 பவுண்டன் பேனாக்கள். ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைக் கழற்றி, ஊர், பேர், கோத்திரம் எல்லாம் சொன்னார். ஜப்பானில் பிறந்தது ஒன்று, ஜெர்மனியில் பிறந்தது ஒன்று, திருவள்ளூரில் கடைசல் பிடித்தது ஒன்று. பிறகு ஒரு தாளை நீட்டி, "எழுதிப் பாருங்கள், சார்" என்றார்.

அந்தத் தாளில் அவர் ஏற்கெனவே எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவருடைய கையொப்பம், அதன் கீழே ஒரு இங்கிலீஷ் வாக்கியம், அதன் கீழே நெளிநெளியாய்ச் சில கோடுகள், மறுபடியும் கையொப்பம். 32 பேனாக்களாலும் அவர் எழுதியிருந்தது அவ்வளவுதான்.

"இவற்றில் எதனால் கடிதம் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கடிதமா? யாருக்கு, சார்?" என்று சிரித்தார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. என்னிடமும் ஒன்பது பேனாக்கள் இருக்கின்றன. ஒரு மனிதன் எழுதுவதற்கு ஒன்பது பேனா தேவை இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பேனா ரசிகர்கள் எழுதுகிற மதிப்புரைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை படுகிறது. பளபளப்பு, எடை, மூடி எத்தனை சுற்றில் கழலுகிறது, நிப்பு தங்கமா எஃகா என்று நுணுக்கி நுணுக்கி எழுதுகிறார்கள். அதனால் எழுதிய பக்கம் ஒரு வருஷம் கழித்து எப்படி இருந்தது என்று சொல்லுகிறவர் அபூர்வம். நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவர் அட்டைப் படத்தையும் பைண்டையும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் நாம் ஒப்புக்கொள்வோமா?

என் அபிப்பிராயத்தில், இந்தப் பொழுதுபோக்கில் வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் பேனா, பிறகு அதற்கேற்ற மை, கடைசியில் கைக்கு அகப்பட்ட காகிதம் என்று போகிறார்கள். காகிதம் முதலில், மை இரண்டாவது, பேனா கடைசி என்றுதான் போக வேண்டும்.

காகிதத்தின் குணம் அதன் வெண்மையில் இல்லை. காகிதம் என்பது நாரின் கூட்டம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நார் மையை இழுக்கும். இழுக்காமல் தடுப்பதற்காகத் தயாரிக்கும்போதே பசை சேர்க்கிறார்கள். பசை குறைந்த காகிதத்தில் எழுத்துக்கு மீசை முளைக்கும்; மை மறுபக்கம் போய் எட்டிப் பார்க்கும். தடித்த காகிதமானால் ஊறாது என்று நினைத்து 100 கிராம் காகிதம் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஜப்பானில் தோமோயே ரிவர் என்று பெயர் பெற்ற காகிதம் சதுர மீட்டருக்கு 52 கிராம்தான். வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். ஆனாலும் மை ஊறாது. அதற்கும் ஒரு விலை உண்டு. மை உலர நேரமாகும். அவசரக்காரர்களின் முழங்கையில் பாதி வாக்கியம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நம் ஊரில் கரூர்ப் பக்கம் புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்தும் காகிதம் செய்கிறார்கள். சக்கையா மரமா என்பதல்ல கேள்வி, மேல் பசை எப்படி என்பதுதான். அதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. ஒரே ஒரு நோட்டு வாங்கி வந்து, கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதி, திருப்பிப் பார்த்தால் காகிதமே சொல்லிவிடும்.

மை விஷயத்தில் நான் பட்டது சொந்த அனுபவம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எங்கள் வீடு தரைத்தளம். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று, 1978ல் அப்பா நாகபுரியில் வேலையாய் இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். மற்றது, நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலின் பதினோரு அத்தியாயங்கள். இரண்டும் ஒரே தண்ணீரில் ஒரே இரவு கிடந்தன. காயவைத்துப் பிரித்தபோது அப்பாவின் கடிதங்களில் ஓரங்களில் நீலம் கரைந்து படர்ந்திருந்தது. ஆனால் எழுத்துக்கள் கறுப்பாக அப்படியே நின்றன. என் அத்தியாயங்களில் ஆகாய நீலத்தில் சில திட்டுகள் இருந்தன. எழுத்து இல்லை.

அப்பா எழுதியது புளூ-பிளாக். நான் எழுதியது துவைத்தால் போகிற ராயல் புளூ. துணியில் பட்டால் போய்விடும் என்பதை நன்மையாக எண்ணி வாங்கின மை. துணியில் போவது காகிதத்திலும் போகும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

பழைய முறையில் செய்த புளூ-பிளாக் மையின் ரகசியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் போட்டால் கறுத்துப் போகிறதல்லவா? துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டுக் காகித நாரிலேயே கறுப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. எழுதும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காகத்தான் கொஞ்சம் நீலச் சாயம் கலந்தார்கள். வெள்ளத்தில் போனது அந்தச் சாயம். நின்றது இரும்பு.

இந்த மையிலும் குறை இல்லாமல் இல்லை. அதில் அமிலம் உண்டு; மட்டமான எஃகு நிப்பை அரித்துவிடும். ஐரோப்பாவின் பழைய ஏடுகள் சிலவற்றில், மையில் அமிலம் மிகுந்துபோனதால் காகிதமே அரிக்கப்பட்டு, எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவில் ஓட்டை இருக்கிறது. இப்போது வருகிற பிக்மென்ட் மைகளில் சாயம் கரைந்து நிற்பதில்லை, நுண்ணிய துகளாக மிதக்கிறது; அதனால் தண்ணீருக்கு அசையாது. ஆனால் பேனாவுக்குள் உலர்ந்துவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. மின்னுகிற பொடி கலந்த மைகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வாழ்த்து அட்டைக்கு அவை நன்றாக இருக்கும்.

காகிதமும் மையும் தீர்மானமான பிறகு பேனா. 1941ல் அமெரிக்காவில் வெளிவந்த பார்க்கர் 51ஐ ரசிகர்கள் அதன் வடிவத்துக்காகக் கொண்டாடுகிறார்கள். நிப்பு முக்காடு போட்டுக்கொண்டு முனை மட்டும் தெரிகிற வடிவம். அந்த முக்காடு வெறும் அழகுக்காக ஏற்பட்டதல்ல. சட்டென்று உலர்கிற மை ஒன்றைக் கம்பெனி தயாரித்தது. அது காகிதத்தில் உலர்வதற்கு முன் நிப்பிலேயே உலர்ந்துவிடக் கூடாதே என்று மூடினார்கள். மைக்காகப் பிறந்த பேனா அது. பின்னால் சீனத்து ஹீரோ பேனா வழியாக அந்த முக்காடு நம் பள்ளிப் பையன்களின் சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது. காரணம் மட்டும் கூட வரவில்லை. தங்க நிப்பும் அப்படித்தான். காகிதத்தைத் தொடுவது தங்கம் அல்ல, முனையில் ஒட்டவைத்த வேறொரு கடினமான உலோகப் பொட்டு. அமிலம் அரிக்காது என்பதுதான் தங்கத்தின் முதல் உபயோகம். சாதுவான மை போடுகிறவருக்கு நல்ல எஃகு போதும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மேல்நாட்டு மதிப்புரைகளில் அகலமான நிப்புக்கு ஏகப் புகழ். இங்கிலீஷ் எழுத்துக்கு அது எடுப்பாகத்தான் இருக்கிறது. அதைக் கொண்டு 'ண' எழுதிப் பாருங்கள். 'ஞ' எழுதிப் பாருங்கள். சுழிகள் அடைத்துக்கொண்டு எறும்பு செத்துக் கிடப்பதுபோல் ஆகிவிடும். நம் எழுத்துக்கு மெல்லிய முனை வேண்டும். பொதுவாக ஜப்பான் நிப்புகள் மேல்நாட்டு நிப்புகளைவிட ஒரு படி மெலிந்தவை, நமக்குப் பொருந்தும். ஆனால் மெல்லிய முனை சொரசொரப்பான காகிதத்தில் கீறும், நாரை வாரிக்கொண்டு வரும். மறுபடியும் காகிதத்துக்கே வந்து நிற்கிறோம்.

எனக்குத் தெரிந்து நல்ல பேனா மதிப்புரை ஒன்று உண்டு. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பற்றி 1935ல் காந்தி எழுதிய சிறு கடிதம் அது. உபயோகித்துப் பார்த்தேன், அந்நியப் பேனாக்களுக்குப் பதிலாக நிற்கக்கூடியதுதான் என்கிற அளவில் முடிந்துவிடும். எழுதிப் பார்த்த பிறகு சொன்ன வார்த்தை. நாள்தோறும் கடிதம் எழுதிக் குவித்தவர் சொன்னது.

பதினோரு அத்தியாயங்களையும் நான் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். புத்தகமாகவும் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால் முதல் தடவை எழுதியது எப்படி இருந்தது என்பதை இனி யாரும் சொல்ல முடியாது, நான் உள்பட.

நண்பர் புறப்படும்போது அப்பாவின் கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். ஓரத்தில் வெள்ளத்தின் கறை. நடுவில், மாதக் கடைசிக்குள் பணம் அனுப்புகிறேன், குழந்தையின் ஜுரம் இறங்கியதா என்று விசாரித்த நாலு வரி. நண்பர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன பேனா, சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கடிதம் என்று வந்தது, எந்தக் கிழமை வந்தது என்று மட்டும் சொன்னாள்.