திருத்தூதர் அதிகாரமும் தமிழாக்கச் சொற்களும்

தொடக்கக் காலத் திருச்சபையில் தலைமை யாரிடம் இருந்தது என்னும் வினா இறையியலுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்குவோர் சொல்தேர்விலும் வினைமுற்றிலும் அதற்கு விடை கூறியே ஆகவேண்டும். அவ்விடை மூலத்திலிருந்து வருகிறதா, தமிழ் மரபிலிருந்து வருகிறதா என்பதே ஆராயத்தக்கது.

முதலாவது, பதவிப் பெயர்கள். திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் 'பிரெஸ்புத்தெரோய்' என்போரை அழைக்கிறார் (17). அவர்களையே பின்னர் 'எபிஸ்கோப்போய்' என்கிறார் (28). முன்னது மூப்பையும் பின்னது மேற்பார்வையையும் சுட்டுகின்றன; மேல், கீழ் என்னும் இரு படிநிலைகள் இங்கில்லை. நகருக்கு ஒரே ஆயர் என்னும் அமைப்பு அந்தியோக்கியா இஞ்ஞாசியாரின் மடல்களிலேயே தெளிவுபெறுகிறது. எனவே இவ்விடத்தில் 'ஆயர்' எனப் பெயர்ப்பது பிற்கால அமைப்பை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும். 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் 'கண்காணி' இக்குறைக்கு இடந்தரவில்லை. ஆயினும் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அச்சொல் கூலியாட்களை நடத்துபவனைக் குறித்து வழங்கியமையால் அதன் பொருட்சாயல் மாறிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் 'கண்காணிப்பாளர்' அச்சாயலைத் தவிர்க்கிறது. எனினும் அலுவலக மணம் அதில் வீசுகிறது.

இரண்டாவது, முடிவெடுக்கும் வினைகள். எருசலேம் சங்கத்தில் பேதுரு பேசுகிறார், பர்னபாவும் பவுலும் விவரிக்கின்றனர், யாக்கோபு முடித்துவைக்கிறார். யாக்கோபின் 'கிரீனோ' என்னும் வினையைத் 'தீர்ப்பளிக்கிறேன்' என்றால் அவர் நடுவராகிறார். 'கருதுகிறேன்' என்றால் அவையோருள் ஒருவராகிறார். அடுத்து வரும் 'எதொக்சே' என்னும் வினையோ முடிவைத் திருத்தூதர், மூப்பர், சபை முழுவதற்கும் பொதுவாக்குகிறது. அதே வினையடியிலிருந்தே கலாத்தியர் 2:9இல் 'தொக்கூந்தெஸ்' வருகிறது. யாக்கோபு, கேபா, யோவான் ஆகியோர் தூண்கள் அல்லர் எனப் பவுல் மறுக்கவில்லை. தூண்களாகக் கருதப்படுவோர் என்றே கூறுகிறார். 'தூண்களாகிய' எனச் சுருக்கினால் இவ்விலக்கம் மறையும். சற்றுப் பின்னர் அவர் கேபாவை நேருக்குநேர் எதிர்த்து நிற்பதும் காரணமற்றதாகத் தோன்றும்.

மூன்றாவது, உயர்வு விகுதி. கிரேக்க வினைமுற்றில் 'ஆன்', 'ஆர்' வேறுபாடு இல்லை. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் இயேசுவுக்கு 'ஆர்' விகுதியும் திருத்தூதர்க்கு 'ஆன்' விகுதியும் தருகிறது. திருவிவிலியம் திருத்தூதர்க்கும் 'ஆர்' தருகிறது. முன்னது ஆண்டவர்க்கும் தூதர்க்கும் இடையே மூலத்தின் வினைவடிவில் காணப்படாத ஓர் எல்லையை வகுக்கிறது. பின்னது அதனை நீக்கித் தூதர்க்குப் பிற்காலத் திருச்சபை வழங்கிய மதிப்பைச் சேர்க்கிறது. எனினும் பேதுருவையும் பவுலையும் ஒரே விகுதியில் நிறுத்தியமை இரண்டிற்கும் உரிய சிறப்பாகும். ஒருவருக்கு உயர்வும் மற்றவருக்குத் தாழ்வும் அமைந்திருப்பின், அந்தியோக்கியாவில் நிகழ்ந்த கருத்துமோதல் சமநிலையினர் இருவரது வாதமாக இராமல், தலைவரை எதிர்த்த துணிச்சலாகத் திரிந்திருக்கும்.

அதிகாரம் ஒருவரிடம் குவியாமல் பலரிடையே பகிர்ந்து கிடந்த காலத்தை மூலம் காட்டுமிடத்து, பெயர்ப்பும் அந்நெகிழ்வைக் காத்தல் வேண்டும். தெளிவின் பெயரால் அதனை இறுக்குவது விளக்கவுரையின் பணியேயன்றி மொழிபெயர்ப்பின் பணியன்று.