பெயரிடுதலும் நடுவுநிலையும்

பத்திரிகைகள் ஒரு நிகழ்ச்சியை மறைத்துப் பொய்யுரைப்பது சிறுபான்மை. அதற்கு இடும் பெயராற் பொய்யுரைப்பதே பெரும்பான்மை. சர்வதேச விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிய செய்திகளில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கி குண்டினால் தாக்கப்பட்டது. தொண்ணூறு பேர் வரையில் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உலகக் கிண்ணக் கிறிக்கெற் போட்டி தொடங்க இரண்டு வாரமே இருந்தது. அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்தியத் தீவுகளின் அணியும் கொழும்புக்கு வர மறுத்தன. அதனை முன்னெச்சரிக்கை என்று அவர்தம் பத்திரிகைகள் எழுதின. அவமதிப்பு என்று நம்மவை எழுதின.

இரண்டிலும் உண்மையுண்டு. குண்டு பொய்யன்று, ஆதலின் அச்சமும் பொய்யன்று. ஆயினும் இந்திய, பாக்கிஸ்தான் வீரர்கள் ஓரணியாய்க் கூடிப் பெப்ரவரி 13ஆந் திகதி கொழும்பில் ஆடினர். சிம்பாப்வேயும் கெனியாவும் இலங்கைக்கு வந்து ஆடின. ஆனால், இரு சாராரும் எழுத மறந்தவர் சிலர் உளர். கொம்பனித்தெருவுக்கும் அவ்வங்கிக்கும் இடையே இரண்டு மைல் தூரமும் இல்லை. வர மறுக்கும் உரிமை விருந்தினருக்கு இருந்தது; கொம்பனித்தெருவாருக்கு இருக்கவில்லை. அவர்கள் மீண்டும் கோட்டைக்கு வேலைக்குச் சென்றனர். தமிழராயின், அடையாள அட்டையைக் கையிலேந்திச் சோதனைச் சாவடிகளைக் கடந்து சென்றனர்.

இனி, எதிர்ப்பின் பக்கத்தை நோக்குவோம். 2013ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி கார்டிவ் நகரில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய அரையிறுதிப் போட்டியில், புலம்பெயர்ந்த தமிழர் சிலர் கொடியேந்தி மைதானத்துள் ஓடினர். அது குழப்பம் எனப்பட்டது. வர மறுப்பதும் மைதானத்துட் புகுவதும் ஒன்றல்ல. பின்னது சட்டத்தை மீறுவது. எனினும், காரணத்தை வினவும் கடமை ஈரிடத்தும் ஒன்றேயன்றோ? வலிய சபையின் மறுப்புக்குக் காரணம் கேட்கும் பத்திரிகை, எளியவரின் ஓட்டத்துக்கும் அதனைக் கேட்டல் வேண்டும்.

இக்குற்றம் பிறருக்கே உரியதன்று. அதே ஆண்டு மார்ச்சில், சென்னையில் நடைபெறும் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர் ஆடலாகாது என்று விதிக்கப்பட்டது. அதனை உணர்ச்சியின் வெற்றியென்று போற்றிய தமிழர் பலர். அத்தடைக்கு உள்ளானவருள் ஒருவர், பெங்களூர் அணியில் இருந்த முத்தையா முரளிதரன், அவரும் தமிழரே. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி மெல்போணில் நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்தை ஏழு முறை முறையற்றதென்றபோது நாம் கொண்ட சினம், சென்னை கதவடைத்தபோது எங்கே போயிற்று?

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதனை மனனஞ் செய்விப்பதோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை. ஒரு செய்தியை மாணவர் கையிற் கொடுத்து, செய்தவரின் பெயரை மாற்றி வாசிக்கச் சொல்லுக. பெயர் மாறியதும் அச்செயலுக்கு இட்ட சொல்லும் மாறவேண்டும் என்று தோன்றுமாயின், ஆங்கே நடுவுநிலை பிறழ்ந்தது என அறிக. இச்சோதனையை நமக்குப் பிடித்த பத்திரிகையிலிருந்தே தொடங்குதல் நன்று.