ஒரே போர்வை, இரண்டு விலை

நகைக்கடையில் சங்கிலி வாங்கும்போது தங்கத்தின் எடைக்கு மேல் செய்கூலி, சேதாரம் என்று தனியாகக் கணக்குப் போடுவார்கள். அதே சங்கிலியை மறுமாதம் விற்கப் போனால் செய்கூலியைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள்; தராசு காட்டும் எடைக்குத்தான் பணம். நடுவில் காணாமல் போனது பொற்கொல்லரின் உழைப்பு. அமெரிக்காவில் கையால் தைக்கப்படும் குவில்ட் போர்வைகளை மதிப்பிடும்போது இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிவிடுகிறது, ஏனென்றால் உருக்கி எடுக்க அதில் தங்கம் எதுவும் இல்லை. துண்டு துண்டாக வெட்டிய துணிகளை இணைத்த மேல்விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, இந்த மூன்றையும் ஊடுருவிப் பிடித்து வைக்கும் தையல், அவ்வளவுதான் குவில்ட். பொருளின் விலை அற்பம். மீதி அத்தனையும் கைவேலை. அதனால்தான் தேர்ந்த ஒரு மதிப்பீட்டாளர் ஒரே குவில்டுக்கு, காப்பீட்டுக்காக என்றால் ஒரு தொகையும் விற்பனைக்காக என்றால் வேறொரு தொகையும் எழுதித் தருகிறார். முதல் தொகை இரண்டாவதைப் போலப் பல மடங்காகவும் இருப்பதுண்டு. கேட்பவர்களுக்கு இது ஏதோ தில்லுமுல்லு போலத் தோன்றும். உண்மையில், குவில்டைப் பார்த்து ரசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டு தொகைகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்தவருக்கே குவில்ட் முழுதாகக் கண்ணில் படும்.

காப்பீட்டுக்கான கேள்வி இது: போர்வை எரிந்துபோனால், அல்லது தபாலில் தொலைந்துபோனால், இதே தரத்தில் இன்னொன்றைப் பெற என்ன செலவாகும்? புதிதாகத் தைத்த குவில்ட் என்றால் துணி, பஞ்சு, நூல் ஆகியவற்றின் இன்றைய விலையையும், அந்த அளவுக்குத் தேர்ந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தால் கேட்கக்கூடிய கூலியையும் கூட்ட வேண்டும். பழைய குவில்ட் என்றால், அதற்கு இணையான ஒன்றைக் கடையில் வாங்க என்ன கொடுக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். எழுத்தில் மதிப்பீடு இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் அது ஒரு படுக்கை விரிப்பு, அதுவும் பழையது. கடையில் தொங்கும் கம்பளியின் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

இந்தக் கேள்வியோடு ஒரு குவில்டின் அருகில் போய்ப் பாருங்கள். மதிப்பீட்டாளர் அதைச் சுத்தமான வெள்ளை விரிப்பின் மேல் பரப்பி, அளவுகோலைத் தையல் வரியின் மீது வைத்து, ஓர் அங்குலத்துக்குள் மேலே தெரியும் தையல்களை எண்ணுகிறார். ஐந்தாறு இருந்தால் சாதாரணக் கை. பத்துக்கு மேல் போனால் பயின்ற கை. அதைவிட முக்கியம், போர்வையின் நடுவிலும் ஓரத்திலும் அந்த எண்ணிக்கை மாறாமல் இருப்பது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்பது அங்குலச் சதுரமான குவில்டில் அங்குலத்துக்கு ஒரு வரியாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டுத் தைத்திருந்தால் வரிகளின் மொத்த நீளம் 12,800 அங்குலம், ஏறக்குறைய 325 மீட்டர். அங்குலத்துக்குப் பத்து தையல் என்றால் 1,28,000 தையல்கள். ஒவ்வொரு முறையும் ஊசி மூன்று அடுக்கையும் துளைத்து, அடியில் காத்திருக்கும் விரல் நுனியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மேல்விரிப்பைத் துண்டுகளாக வெட்டி இணைத்த வேலை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. எட்டு முனை நட்சத்திரத்தில் எட்டு முனைகளும் நடுப்புள்ளியில் மேடு தட்டாமல் சந்திக்கின்றனவா, ஓரப்பட்டி மூலைகளில் வடிவம் முறியாமல் திரும்புகிறதா என்று பார்ப்பவருக்குத்தான் அந்த உழைப்பின் இன்னொரு பாதி தெரியவரும். காப்பீட்டுத் தொகை விலை போடுவது இவற்றுக்கு.

காப்பீட்டு மதிப்பு ஊதிப் பெருக்கிய தொகை, சந்தையில் கிடைப்பதே உண்மையான விலை என்று வாதிடுவோர் உண்டு. வாங்க ஆள் இல்லாத உழைப்புக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் கேள்வி. அதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒரு பேச்சுக்கு, ஒரு குவில்டுக்கு 400 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 2009 முதல் மாறாமல் இருக்கும் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்த வீதத்திலேயே கூலி மட்டும் 2,900 டாலர் ஆகிறது. அருகிலேயே, கூலி குறைந்த நாட்டில் தைத்து இறக்குமதியான போர்வை அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்போது, இதற்கு 2,900 கொடுப்பவர் அரிது. ஆனால் வாங்க ஆள் இல்லை என்பது வாங்குபவர்களைப் பற்றிய தகவல். அதிலிருந்து வேலையின் தரத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. மதிப்பீட்டாளர் தொகையை ஏற்றிவிடுவார் என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவதை அவர்களுடைய தொழில் நெறி தடுக்கிறது. ஆயிரம் எழுதினாலும் பத்தாயிரம் எழுதினாலும் அவர் கைக்கு வருவது ஒரே தொகை. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் 1984-இல் தொடங்கிய அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி, தேர்வு வைத்து மதிப்பீட்டாளர்களுக்குச் சான்றளிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது.

விற்பனைக்கான கேள்வி வேறு. அமெரிக்க வரித்துறையின் இலக்கணப்படி நியாயமான சந்தை மதிப்பு என்பது, விருப்பமுள்ள வாங்குபவரும் விருப்பமுள்ள விற்பவரும், இருவரில் யாருக்கும் நிர்ப்பந்தம் இல்லாமல், பொருளைப் பற்றிய நியாயமான அறிவோடு ஒத்துக்கொள்ளும் விலை. இங்கே மணிக்கணக்கு செல்லாது. பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணை இழுக்கிறதா, யார் தைத்தது, என்ன கதை, எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் பேசும். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் குவில்டுகளை நவீன ஓவியங்கள் போலச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். கட்டிலில் கிடந்தது சுவருக்கு ஏறியபோது பார்க்கும் தூரம் மாறியது. தூரம் மாறியதும் மதிப்பும் மாறியது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவில் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த டெனிம் துணியிலும் கார்டுராயிலும் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் வைக்கப்பட்டன. 2006-இல் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. அங்குலக் கணக்கு பார்ப்பவருக்கு அந்தத் தையல்கள் பெரியவை, கோடுகள் கோணலானவை. தள்ளி நின்று பார்த்தால், வெளிறிய நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. முதல் கேள்வியை மட்டும் கற்றவர் இந்தக் குவில்டுகளைத் தவறவிட்டுவிடுவார்.

கதைக்கும் சந்தை விலை தரும். புரூக்ளினைச் சேர்ந்த லூசிண்டா வார்ட் ஹான்ஸ்டெய்ன் 1867-இல் தைத்த 'சமாதான' குவில்ட், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு கண்டதையும் கேட்டதையும் துணியில் வெட்டி ஒட்டிய சித்திர ஏடு. 1991-இல் சோதபீஸ் ஏலத்தில் அது 2,64,000 டாலருக்குப் போனது. ஏலத்தில் ஒரு குவில்டுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இன்று நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில், பன்னாட்டு குவில்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அளவு உழைப்பு வேறு ஆயிரம் குவில்டுகளிலும் இருந்திருக்கும். தேதியும் காட்சியும் தைத்தவர் பெயரும் ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம்.

அப்படியானால் சந்தையே நல்ல ரசிகர் என்று சொல்லிவிடலாமா? ஹாரியட் பவர்ஸின் வாழ்க்கை அதை மறுக்கிறது. 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த அவர், விவிலியக் காட்சிகளைப் பதினொரு கட்டங்களில் துணியால் வெட்டி ஒட்டிய குவில்டை 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் கைமுடை வந்தபோது அவரே பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். பிறகு அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு வர மறுபடி மறுபடி போனார். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிழைத்தவையாக அறியப்பட்டவை இந்த இரண்டே. நிர்ப்பந்தம் இல்லாமல் என்ற சொல்லை இங்கே வைத்துப் பாருங்கள். சட்டத்தின் இலக்கணப்படியே அந்த ஐந்து டாலர் நியாயமான சந்தை விலை ஆகாது. விற்பவரின் முடையைத்தான் அது அளந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை ஸ்மித் எழுதி வைத்தார் என்பது தனிப் புண்ணியம். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் பாதிக் காட்சிகள் நமக்குப் புரியாமலே போயிருக்கும்.

தைத்தவரின் கையை வரிச்சட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. குவில்டை விலைக்கு வாங்கிச் சில ஆண்டுகள் வைத்திருந்தவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் சந்தை மதிப்புக்கு வரிக்கழிவு கேட்கலாம். அதைத் தைத்தவரே கொடுத்தால் துணி, நூல் வாங்கிய செலவுக்கு மட்டும்தான் கழிவு. இதை அநியாயம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கலையைப் பார்க்கப் போய் விலையைப் பேசுவது கொச்சை அல்லவா என்று கேட்கலாம். விலையோடு நின்றுவிட்டால் கொச்சைதான். ஆனால் அழகாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்பவரைவிட, விலை போட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் நிதானமாகப் பார்க்கிறார். அவர் பின்புறத்தைத் திருப்புகிறார். விளிம்பு மடிப்புத்துணியைத் தடவுகிறார். முதலில் தேய்வது அதுதான். பஞ்சில் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் அவை பருத்தி விதைத் துணுக்குகள், ஆகவே 1793-இல் விதை நீக்கும் எந்திரம் வருவதற்கு முந்தைய போர்வை இது என்று பாட்டி காலக் கதையைச் சொல்வார்கள். அவர் நம்புவதில்லை, எந்திரம் வந்து நெடுங்காலம் ஆன பிறகும் மலிவுப் பஞ்சில் துணுக்குகள் இருந்தன. இருப்பதிலேயே பிந்திய துணி எது என்று தேடுகிறார், ஏனென்றால் போர்வையின் வயதை அதுதான் சொல்லும். 19ஆம் நூற்றாண்டுக் குவில்டில் மற்ற துணியெல்லாம் திடமாக இருக்க, அடர்பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருந்தால், சாயத்தை நிறுத்தச் சேர்த்த இரும்பு உப்பு இழையைத் தின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் தோய்த்த சீட்டித் துணியின் பூக்களை வெட்டி ஒட்டிய பழைய குவில்ட் அகப்பட்டால் அந்தச் சிவப்பைப் பார்த்தே நின்றுவிடுவார். ஒருமுறைகூடத் துவைக்காத போர்வையில் தையலுக்காகப் போட்ட பென்சில் கோடு இன்னும் தெரியும். சந்தையில் அதற்கு விலை கூடும். நமக்கோ, ஊசி போவதற்கு முன் ஒரு கை நகர்ந்த தடம் அது.

அமெரிக்கக் குவில்ட் கண்காட்சி ஒன்றுக்குப் போக வாய்த்தால், அரங்குகளில் வெள்ளைக் கையுறை அணிந்த தொண்டர்கள் நிற்பதைக் காண்பீர்கள். போர்வையைத் தொட அவர்களுக்குத்தான் அனுமதி. முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு கிட்டே போய் ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். அதன் பிறகு ஒரு தொண்டரைக் கூப்பிட்டு, பின்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தைத்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய சிறு துணிப்பட்டி மூலையில் இருந்தால், அதைப் படிக்காமல் நகராதீர்கள்.