சிக்னல் காக்கையிலிருந்து தொடங்குங்கள்

பள்ளியில் ‘இணைப்பு உயிரி’ என்று மனப்பாடம் செய்து, தேர்வோடு நாம் மறந்துவிட்ட பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ். பல்லும் இறகும் சேர்ந்த, 15 கோடி ஆண்டுப் பழைய உயிர். அதை ரசிக்கப் பழக, தேனாம்பேட்டை சிக்னலில் உட்காரும் காக்கை போதும். உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

காக்கையின் வாலைப் பாருங்கள். இறகுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து விரிகின்றன. உள்ளே எலும்பு என்பது சின்ன முளைதான். இனி, பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள புதைபடிவத்தின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்குங்கள். முதுகெலும்பு இடுப்போடு நிற்காமல் இருபதுக்கும் மேற்பட்ட எலும்புகளாகப் பின்னால் நீள்கிறது. அதன் இருபுறமும் வரிசையாக இறகுகள். எல்லோரும் முதலில் பல்லைத் தேடுவார்கள். நான் வாலிலிருந்துதான் பார்க்கச் சொல்வேன். டைனோசர் அங்கேதான் ஒளிவுமறைவின்றி இருக்கிறது.

அடுத்து சிறகு. மூன்று விரல்கள் தனித்தனியாக, ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த நகம். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பில் இறக்கைத் துண்டு வந்தால் நுனிவரை சதையை நீக்கிப் பாருங்கள். அதே மூன்று விரல்கள்தாம்: ஒன்று சிறுத்து ஒதுங்கியிருக்கும், மற்ற இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். கழுத்தடியிலுள்ள கவை எலும்பும் இரண்டுக்கும் பொது. ஆனால் கோழியின் நெஞ்செலும்பில் துருத்தி நிற்கும் தகடு, பறக்கும் தசைகள் பற்றிக்கொள்ளும் இடம், ஆர்க்கியாப்டெரிக்ஸில் காணப்படவில்லை. அப்படியானால் அது எவ்வளவு நன்றாகப் பறந்திருக்கும்? ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கீழே கிடக்கும் காக்கைச் சிறகிறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள்: தண்டின் ஒருபக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். காற்றைக் கிழிக்க உதவும் இந்த அமைப்பு அந்தக் கல்லிலுள்ள இறகுகளிலும் இருக்கிறது.

ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கல்லச்சுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல் அது. அமைதியான கடற்கழியில் படிந்த மென்சேறு என்பதால்தான் இறகின் கோடுகூட அழியவில்லை. டார்வினின் நூல் வெளிவந்து இரண்டே ஆண்டில், 1861இல், முதல் எலும்புக்கூடு உலகுக்குத் தெரியவந்தது. லண்டன் அருங்காட்சியகம் 700 பவுன் கொடுத்து அதை வாங்கியது. கொடுத்தது கொஞ்சம்தான் என்பேன்.

நம்மூரில் இப்படிப்பட்ட கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசையா? அரியலூருக்குப் போங்கள். அங்கும் சுண்ணாம்புக்கல்தான், காலத்தால் பிந்திய கிரெட்டேசியஸ் கடலின் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் அதில் இருக்கின்றன. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். பறவையை எதிர்பார்க்காதீர்கள், கடலடிச் சேறு ஓர் உடலைக் கல்லாக்கிக் காக்கும் விதத்தை அருகில் நின்று பார்க்கலாம்.